காருக்குப் பின்னால ஒரு கட்டுமரம்!

இன்டர்னல் எக்ஸாம் எல்லாம் முடிஞ்சுதா? மார்க் லிஸ்ட்டை வீட்ல காட்டாம மறைச்சாச்சா? ஓ.கே., மேட்டருக்கு வருவோம்.

இந்த வாரம் வந்த லெட்டர்கள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா தூங்க விடலை. காதல் லெட்டர் இல்ல பாஸ், படகு லெட்டர்! ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். மெக்கானிக்கல், ஃபைனல் இயர், நாலு பசங்க. ஒரகடத்துல இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போய், கார் டோரையும் பிரேக் டிரம்மையும் பார்த்துப் பார்த்து நொந்துபோய் ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. ‘எல்லாரும் ரோட்டுல ஓடுறதையே பண்றாங்க. நாம தண்ணியில ஓடுறதைப் பண்ணுவோம்!’

பண்ண நினைக்கிறது என்னன்னா, ஒரு பவர் கேட்டமரான். அதாவது ரெண்டு ஹல், நடுவுல ஒரு டெக், பின்னால மோட்டார். அதை ட்ரெய்லர்ல ஏத்தி வண்டிக்குப் பின்னால மாட்டி எங்கே தண்ணி இருக்கோ அங்கே இழுத்துட்டுப் போகணும். நாலு பேரும் ரெண்டு, மூணு நாள் படகுலயே சமைச்சு, சாப்பிட்டு, தூங்கி ஊர் சுத்தணும். கேட்கவே ஜில்லுனு இருக்குல்ல?

இது வெறும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டா இருந்தா நானும் ‘ஆல் த பெஸ்ட்’ சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா இதுல பணம் இருக்கு. நாலு பேர்ல ஒருத்தரோட மாமா, ஒரு ஃபேக்டரியில வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வந்தவர். அவருக்கும் படகு ஆசை. ‘வாங்கறதா, கட்டறதா, என்ன சைஸ், என்ன எஞ்சின்... நீங்க சொல்லுங்கடா, நான் பணம் போடறேன்’னுட்டார். இருபத்தஞ்சு வருஷம் ஷிஃப்ட் பார்த்த காசு! தப்பா சொன்னா அது தண்ணியில போகும், நிஜமாவே.

லெட்டரோட கடைசிப் பாராதான் என்னைத் தூங்க விடாதது. நாலு பேர்ல இன்னொருத்தர் பழவேற்காடு பக்கம் மீனவக் குடும்பம். அவங்க அப்பாகிட்ட கலர் பிரின்ட் எடுத்த ஒரு ஃபாரின் கேட்டமரான் போட்டோவைக் காட்டியிருக்காங்க. அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “இத்த எப்டிப்பா கரை ஏத்துவீங்க?”

நாலு இன்ஜினீயர்களும் கப்சிப்!

அந்தக் கேள்விக்குக் கடைசியா வர்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

‘கேட்டமரான்’ங்கறது நம்ம ‘கட்டுமரம்’தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். குவிஸ் ப்ரோக்ராம்ல நூறு தடவை கேட்டுட்டாங்க. வில்லியம் டேம்பியர்னு ஒரு இங்கிலீஷ் மாலுமி 1697-ல போட்ட பயணப் புத்தகத்துலயே நம்ம சோழமண்டலக் கரையோட இந்த மரத்தைப் பத்தி எழுதிட்டார். ஆனா யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம கட்டுமரத்துக்கு ரெண்டு ஹல் கிடையாது! லேசான மரக்கட்டைகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கயித்தால கட்டினது. அவ்வளவுதான். ரெண்டு படகை இணைச்சு ஓட்டுற டெக்னிக் பசிபிக் தீவுக்காரங்களோடது. பேர் நம்மளோடது, உருவம் அவங்களோடது. வெள்ளைக்காரன் ரெண்டையும் சேர்த்துக் குழப்பிட்டான். அப்படியே நிலைச்சுப்போச்சு. 1876-ல நத்தானியல் ஹெரஷாஃப்னு ஒரு அமெரிக்க டிசைனர் ‘அமரில்லிஸ்’ங்கற ரெட்டைப் படகை நியூயார்க் பந்தயத்துல விட்டு, மத்த எல்லாரையும் ஓரங்கட்டினார். தோத்தவங்க ‘இது படகே இல்ல’ன்னு பிராது கொடுத்து அவரைப் பந்தயத்துல இருந்தே தூக்கிட்டாங்க. எல்லா ஊர்லயும் இந்தக் கதைதான்!

நான் காலேஜ் படிக்கும்போது ஒரு க்ளாஸ்மேட் புண்ணியத்துல கட்டுமரத்துல ஒரு தடவை போயிருக்கேன். சென்னைக்குத் தெற்கே ஒரு குப்பம். ஏறி உட்கார்ந்த பத்தாவது செகண்டு பேன்ட் நனைஞ்சுடுச்சு. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல தண்ணி வருது, போகுது. நான் அலறினேன். துடுப்புப் போட்டவர் சிரிச்சார். இதுக்கு ‘உள்ளே’ன்னு ஒண்ணு இருந்தாத்தானே தண்ணி உள்ளே வந்து முழுகும்னு கேட்டார். பாயின்ட்டு! கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கலாம். கரைக்கு வந்ததும் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. கயித்தை அவுத்தாங்க. மரங்களைத் தனித்தனியாப் பிரிச்சாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து மேட்டுல கொண்டுபோய்க் காயப் போட்டுட்டாங்க. படகு காணோம்! அஞ்சு நிமிஷம் முன்னால கடல்ல இருந்தது, இப்போ மணல்ல நாலஞ்சு கட்டை.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னால வேலைக்கு ஆகும்.

இப்போ உங்க படகு. முதல்ல பார்க்க வேண்டியது எஞ்சின் இல்ல, கேபின் இல்ல, கலர் நிச்சயமா இல்ல. ஒரே ஒரு நம்பர்: 2.6 மீட்டர். நம்ம மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 93-வது விதி, ரோட்டுல போற வண்டியோட அகலம் பொதுவா இதுக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லுது. சட்டத்துக்கு ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அமெரிக்காவுலயும் இதே கதை, அங்கே எட்டரை அடி. கணக்குப் போட்டா 2.59 மீட்டர். அதனாலதான் அங்கே ‘ட்ரெய்லர் கேட்டமரான்’னு விக்கிற படகுகள் பெரும்பாலும் கரெக்டா எட்டரை அடியில வந்து நிக்கும். சி-டோரி கம்பெனியோட ‘டாம்கேட் 255’னு ஒண்ணு இருக்கு. இருபத்தஞ்சரை அடி நீளம், எட்டரை அடி அகலம், உள்ளே படுக்கை, கிச்சன், டாய்லெட் எல்லாம் உண்டு. உங்க கலர் பிரின்ட் அந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இங்கேதான் ஒரு வில்லங்கம். கேட்டமரானோட மொத்த சூட்சுமமே அகலம்! அதையே கத்திரிச்சுட்டா என்ன மிஞ்சும்? வாங்க, கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல தூங்கிக்கிட்டே படிச்ச பேரலல் ஆக்ஸிஸ் தியரம்தான்.

படகு சாயாம நிக்கிற பலம், தண்ணி மட்டத்துல அது வெட்டுற பரப்போட மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவைப் பொறுத்தது. ஒவ்வொரு ஹல்லும் தண்ணி மட்டத்துல 6 மீட்டர் நீளம், 0.7 மீட்டர் அகலம்னு வெச்சுக்கோங்க. சும்மா செவ்வகமா நினைச்சுப்போம். வெளிப்பக்கம் மொத்த அகலம் 2.5 மீட்டர்னா, ரெண்டு ஹல்லோட மையத்துக்கும் நடுவுல 1.8 மீட்டர். போட்டுப் பார்த்தா இனர்ஷியா சுமார் 7 வரும். சரி, இதே ரோட்டு அகலத்துக்குள்ள தண்ணி மட்டத்துல 2.2 மீட்டர் அகலமா ஒரே ஹல் வெச்ச சாதாரண படகு? அதுக்கு 5.3. அட, பெரிய வித்தியாசமே இல்லையே! இப்போ அதே ரெண்டு ஹல்லைத் தள்ளி வெச்சு மொத்த அகலத்தை 4.5 மீட்டர் ஆக்குங்க. 30-ஐத் தாண்டுது! தூரம் வர்க்கத்துல ஏறுதுல்ல, அதான்.

புரியுதா விஷயம்? போட்டோவுல பார்க்கிற கேட்டமரான் ஆடாம அசையாம நிக்குது, டேபிள்ல வெச்ச காபி சிந்தலைன்னு சொல்றாங்களே, அது அகலமான கேட்டமரான். கேரளாவுல வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவுல 2017 ஜனவரியில இருந்து ஓடுற ‘ஆதித்யா’ சோலார் படகைப் பாருங்க. 75 பேர் போகலாம். 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ரெட்டை ஹல். அதைக் கட்டின ‘நவ்ஆல்ட்’ கம்பெனியோட சந்தித் தண்டாசேரி, நம்ம சென்னை ஐ.ஐ.டி.-யில நேவல் ஆர்கிடெக்சர் படிச்சவர். கொச்சி வாட்டர் மெட்ரோவோட அலுமினியப் படகுகளும் ரெட்டை ஹல்தான், 2023 ஏப்ரல்ல ஓட ஆரம்பிச்சுது. இதெல்லாம் ரோட்டுல ஏறவே வேண்டாத படகுகள். உங்களுதுக்கு ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல வர வேண்டிய தலையெழுத்து இருக்கு.

அப்போ ட்ரெய்லர் கேட்டமரானே வேஸ்ட்டா? அப்படிச் சொல்லலை. ஒல்லியான ஹல் தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும், மல்லுக்கட்டாது. 6 மீட்டர் நீளமுள்ள தடிச்ச படகு, எழும்பிச் சறுக்காம போனா 6 நாட் வேகத்துக்கு மேல முக்கும், முனகும், பெட்ரோல் குடிக்கும். அதே நீளத்துல ஒல்லி ஹல் அந்த எல்லையை அலட்டிக்காம தாண்டிடும். பின்னால எழும்புற அலையும் சின்னது. காயல்ல கரையோரம் வீடு இருக்கறவங்க உங்களைத் திட்ட மாட்டாங்க. ரெண்டு ஹல், ரெண்டு எஞ்சின். ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணுல வீட்டுக்கு வரலாம். ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கறதால ஒண்ணை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் போட்டா நின்ன இடத்துலயே பம்பரமா சுத்தலாம். தண்ணி ஆழம் கம்மியா இருந்தாலும் போகும்.

ஆனா வெயிட்! கேட்டமரானுக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை அது. ரெண்டு ஹல்லும் சேர்ந்து தண்ணி மட்டத்துல 8.4 சதுர மீட்டர். அதனால 84 கிலோ ஏத்தினா ஒரு சென்டிமீட்டர் அமுங்கும். நாலு பேர், ரெண்டு பெட்டி பியர்... ஸாரி, ரெண்டு பெட்டி கூல் டிரிங்க்ஸ், கேஸ் அடுப்பு, பேட்டரி, கிடார்னு ஏத்தி 420 கிலோ ஆச்சுன்னா 5 சென்டிமீட்டர் போச்சு. தடிச்ச படகு இதுக்கு மூணு சென்டிமீட்டர்தான் அமுங்கும். ‘ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன பாஸ் இருக்கு?’ன்னு கேட்கறீங்களா? ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல, டெக்குக்கு அடியில ஒரு குகை மாதிரி இடைவெளி இருக்கும். சின்னப் படகுல அதோட உயரமே ரொம்பக் கம்மி. அது குறையக் குறைய அலை வந்து அடியில ‘டமார்’னு அறையும். லாரி டயர் வெடிச்ச மாதிரி சத்தம். ராத்திரி தூக்கம் அவ்வளவுதான். அதனால எந்தப் படகைப் பார்த்தாலும் நீளம் கேட்காதீங்க. முழு லோடோட அந்தக் குகை தண்ணிக்கு மேல எத்தனை சென்டிமீட்டர் நிக்குதுன்னு கேளுங்க. விக்கறவர் முழிச்சார்னா, டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுங்க.

இனி இழுக்கிற கதை. டாம்கேட் சைஸ் இல்ல, அதைவிடச் சின்னதாவே கணக்குப் போடறேன். ஃபைபர் உடம்பும் கேபினும் 1,500 கிலோ. 60 எச்.பி. அவுட்போர்டு ரெண்டு, 220 கிலோ. 200 லிட்டர் பெட்ரோல், 150 கிலோ. தண்ணி, பேட்டரி, நங்கூரம், கயிறுன்னு 200. ட்ரெய்லரே 500. ஆகமொத்தம் 2,570 கிலோ! மாமாகிட்ட இருக்கறது ஒரு பழைய ஜீப் டைப் வண்டின்னு எழுதியிருக்கீங்க. அதோட மேனுவலை எடுத்து, எவ்வளவு இழுக்கலாம்னு போட்டிருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் வண்டிகள் பலதுல அப்படி ஒரு நம்பரே இருக்காது. ஏன்னா இங்கே யாரும் இழுக்கறது இல்ல. நம்பர் இல்லாத வண்டியில ரெண்டரை டன்னை மாட்டிக்கிட்டு ஹைவேஸ்ல பிரேக் அடிச்சுப் பார்க்க வேணாம், ப்ளீஸ். பின்னால இருக்கறது உங்களை ஓவர்டேக் பண்ணிடும்.

அம்பத்தூர்லயோ ஒரகடத்துலயோ தெரிஞ்ச பட்டறையில ஆங்கிளை வெல்டு வெச்சு ஒரு ட்ரெய்லர் பண்ணிக்கலாம்னும் எழுதியிருக்கீங்க. தலைவா, அது ரோட்டுல ஓடணும்னா தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். அதுக்கு முறைப்படி அப்ரூவல் ஆன டிசைன் வேணும். லாரியில இருந்து பைக் வரைக்கும் பண்ற ஏரியாவுலதானே படிக்கறீங்க? ஒரகடத்துலயே வண்டி டெஸ்ட் பண்ற அரசாங்க ஆராய்ச்சி மையம் இருக்கு. இந்த ரூல்ஸ் தெரிஞ்ச சீனியர் ஒருத்தராவது அந்தப் பக்கம் கிடைப்பார். அவரைப் பிடிங்க.

ட்ரெய்லர்ல ரெண்டே விஷயம் சொல்றேன். மொத்த எடையில கிட்டத்தட்ட 10 சதவீதம் வண்டியோட கொக்கி மேல உட்காரணும். பின் பக்கம் கனமா இருந்தா ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். படகுல எஞ்சின் ரெண்டும் பின்னாலதானே, அதனால ஆக்ஸில் எங்கே வரணும்கறதை எடை போட்டுட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டாவது, பேரிங். பல மணி நேரம் ஓடி ஹப் கொதிச்சுப்போய் இருக்கும்போது அப்படியே தண்ணிக்குள்ள இறக்கினா, சூடான காத்து சட்டுனு சுருங்கி, சீல் வழியா தண்ணியை உள்ளே உறிஞ்சுக்கும். உப்புத் தண்ணின்னா பேரிங் காலி. போய்ச் சேர்ந்ததும் ஒரு டீ, ஒரு வடை. ஹப்பைத் தொட்டுப் பார்த்துட்டு அப்புறம் இறக்குங்க.

எங்கே இறக்கறது? இதுதான் பாஸ் பெரிய கேள்வி, பழவேற்காட்டு அப்பா கேட்ட கேள்வியோட மறுபாதி. அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல ஊருக்கு ஊர் சரிவா சிமென்ட் ரேம்ப் போட்டு வெச்சிருக்காங்க. ட்ரெய்லரை ரிவர்ஸ்ல விட்டா படகு மிதந்துடும். ‘ட்ரெய்லர் போட்’ங்கற ஐடியாவே அந்த ரேம்ப் மேலதான் நிக்குது. நம்ம பக்கம் அது அபூர்வம். உங்க ஊர்ப் பக்கத்துல கடல் மாதிரி இருக்கற செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிதண்ணி. அங்கே மோட்டார் படகுங்கற நினைப்பையே விட்டுடுங்க. முட்டுக்காட்டுல 1984-ல இருந்து சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட போட் ஹவுஸ் இருக்கு. அது அவங்க படகு, அவங்க டிக்கெட்டு.

பழவேற்காடு? பக்கம்தான், அழகுதான், ஃப்ரெண்டோட ஊர்தான். ஆனா இதைக் கொஞ்சம் சீரியஸா படிங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. சுத்திப் பார்க்க வந்தவங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. ஏரி அமைதியா இருக்கும். அது கடலோட சேர்ற முகத்துவாரம் அப்படி இல்ல. மணல் திட்டு வருஷா வருஷம் இடம் மாறும், உள்ளே இருந்து ஓட்டம் வெளியே தள்ளும், வெளியே இருந்து அலை உள்ளே தள்ளும். ரெண்டும் முட்டிக்கிற இடத்துல 7-ங்கற இனர்ஷியா நம்பர் உங்களைக் காப்பாத்தாது. அந்த வழியை உங்க ஃப்ரெண்டோட அப்பா மாதிரி தினமும் போறவங்களுக்கு விட்டுடுங்க. அது போக, அந்த ஏரியில பறவைகள் சரணாலயமும் இருக்கு. நினைச்ச இடத்துல நங்கூரம் போட்டுக் குக்கர்ல விசில் அடிக்க விட முடியாது.

அப்போ நான் எங்கே அனுப்புவேன்? கேரளா. தேசிய நீர்வழி 3-ல கோட்டப்புரத்துல இருந்து கொல்லம் வரைக்கும் போற பகுதி, 1993-ல அறிவிச்சது. கிளைக் கால்வாய்களோட சேர்த்து 205 கிலோமீட்டர். அலை இல்ல, முகத்துவாரம் தாண்ட வேணாம், கரையெல்லாம் கள்ளுக்கடை... அதாவது, மீன் குழம்புக் கடை! ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து சேலம், கோயமுத்தூர் வழியா ஆலப்புழைக்கு 650 கிலோமீட்டருக்கு மேல ரோடு. இழுத்துட்டுப் போறதுக்கே ஒண்ணரை நாள் ஆகும். அதுவும் டூர்தானே? ட்ரெய்லர் படகோட லாபமே இதுதான். படகு 8 நாட் வேகத்துல போனாலும், ரோட்டுல அது 50 கிலோமீட்டர்ல போகும். போறதுக்கு முன்னால பேப்பர் வேலை இருக்கு. 2021-ல வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எஞ்சின் வெச்ச படகுக்கு சர்வே, ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு. ஓட்டறவருக்கும் சர்டிஃபிகேட் விஷயம் இருக்கு. படகு வாங்கறதுக்கு முன்னால இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, வாங்கின பிறகு இல்ல.

சரி, எந்தப் படகுதான் எடுக்கறது? என் கட்சியைச் சொல்லிடறேன். திட்டறதுன்னா அடுத்த வாரம் லெட்டர்ல திட்டுங்க.

இருபத்தஞ்சு அடி, கேபின், கிச்சன், ரெண்டு 60 எச்.பி... இது வேணாம். இழுக்க உங்க வண்டி பத்தாது, இறக்க ரேம்ப் இல்ல, மாமா பணம் மொத்தமும் போயிடும். அந்த அகலத்துல கேபின் கட்டாயம் வேணும்னா சாதாரண ஒத்தை ஹல் படகே பெட்டர்னு கணக்கு சொல்லுது. கேட்டமரான் ஆசைக்காக மட்டும் கேட்டமரான் வாங்காதீங்க.

ஆனா கேட்டமரான்தான் வேணும்னா, பிரிச்சு மாட்டறதைப் பண்ணுங்க. ஆறரை மீட்டர்ல ரெண்டு ஒல்லி ஃபைபர் ஹல். ஒவ்வொண்ணும் 200 கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ரெய்லர்ல ரெண்டையும் ஒட்டி ஒட்டி வெச்சா ரெண்டு மீட்டர் அகலம்கூட வராது. ரோட்டுல லாரிக்காரர் ஹாரன் அடிக்க மாட்டார். கரையில இறக்கி, நடுவுல அலுமினிய பீம் மூணு மாட்டினா மொத்த அகலம் 3.2 மீட்டர். பழைய கணக்குல போட்டுப் பாருங்க: 7 எங்கே இருந்தது? 13-ஐத் தாண்டிடுச்சு. கிட்டத்தட்ட டபுள்! 20 எச்.பி. அவுட்போர்டு ரெண்டு போதும். டெக் மேல கேபின் வேணாம், கூடாரத் துணி. ஹல் 400, பீமும் டெக்கும் 150, எஞ்சின் 100, பெட்ரோல் 60, தட்டுமுட்டு 100, ட்ரெய்லர் 350. மொத்தம் 1,160 கிலோ. முதல்ல போட்ட கணக்குல பாதிகூட இல்ல!

இது நான் ரூம் போட்டு யோசிச்சது இல்ல. ஜேம்ஸ் வாரம்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 2021-ல இறந்துட்டார். 1954-ல இருபத்தி மூணரை அடியில தானே ஒரு ரெட்டைப் படகைக் கட்டி அதுல அட்லான்டிக்கைத் தாண்டினவர். அவரோட டிசைன்கள் பலதுல ஹல்லையும் பீமையும் போல்ட் போட்டு இறுக்கறது இல்ல. கயித்தால கட்டறதுதான்! ரெண்டு ஹல்லும் ரெண்டு வேற அலையில ஏறும்போது இணைப்பு லேசா இளகிக் கொடுக்கும். உடையாது. பாய்மரப் படகுதான், எஞ்சின் கணக்கு வேற. ஆனா அந்த இணைப்புத் தத்துவம் உங்களுக்கு அப்படியே வேணும்.

ஏன்னா, உங்க படகோட உயிர் அந்த பீம் ஜாயின்ட்லதான் இருக்கு. ஒரு ஹல் அலை மேல, இன்னொண்ணு பள்ளத்துல. பீமை முறுக்கிப் பிழிஞ்சுடும். ஒரு தடவை இல்ல, ஒரு நாள்ல ஆயிரக்கணக்கான தடவை. ஃபெட்டீக்! கார் ஆக்ஸிலுக்கு ட்ரெய்னிங்ல பார்த்தீங்களே, அதே விஷயம். உங்க ப்ராஜெக்ட் முழுக்கவே அந்த ஒரு ஜாயின்ட்டா இருந்தாலும் தப்பில்ல. போல்ட், கயிறு ரெண்டையும் பண்ணி, டெஸ்ட் பண்ணி, எது எப்போ போகுதுன்னு பாருங்க. டிராயிங்கைக் கையில எடுத்துக்கிட்டு ஐ.ஐ.டி. ஓஷன் இன்ஜினீயரிங் டிபார்ட்மென்ட்ல ஒரு சாரைப் பார்த்து, தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. சிவப்பு மை நிறைய ஓடினா நல்லது. மாமா செக் கிழிக்கறது அதுக்கு அப்புறம்தான். மெட்டீரியல் தேடி ரொம்ப அலைய வேணாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையெல்லாம் மரத்துல இருந்து ஃபைபருக்கு மாறிடுச்சு. ஃபைபர் போட் கட்டற, ஒட்டுப் போடற ஆளுங்க கடலோரம் கிடைப்பாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல கண்ணாடி ஃபேக்டரி இருக்கேன்னு அங்கே போய் நிக்காதீங்க, அது வேற கண்ணாடி!

லைஃப் ஜாக்கெட் நாலு பேருக்கு நாலு இல்ல, அஞ்சு வாங்குங்க. டெக்ல தொங்கவிட இல்ல, உடம்புல போட.

இப்போ அந்தக் கேள்வி. “இத்த எப்டிப்பா கரை ஏத்துவீங்க?”

அடுத்த சனிக்கிழமை நாலு பேரும் பழவேற்காட்டுக்குப் போங்க. கலர் பிரின்ட்டை எடுத்துட்டுப் போகாதீங்க. ரெண்டு ஹல்லையும் தனித்தனியா வரைஞ்ச பேப்பரை எடுத்துட்டுப் போங்க. கயித்தை அவுப்போம், பீமைக் கழட்டுவோம், எஞ்சினை இறக்குவோம், ஹல்லுக்கு நாலு பேர், ஆளுக்கு அம்பது கிலோ, கீழே உருளைக் கட்டை போட்டுத் தள்ளுவோம்னு சொல்லுங்க. அவர் மரம் ஓட்டின காலத்துல கயித்தை எப்படிக் கட்டுவாங்க, எந்த முடிச்சு உப்புத் தண்ணியில இறுகும், எது இளகும், அணியத்துல எத்தனை சுத்து, அமரத்துல எத்தனை சுத்துன்னு கேளுங்க. போன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க. முடிஞ்சா அவரையே கட்டிக் காட்டச் சொல்லி, ஒரு தடவை அவுத்துட்டு நீங்க கட்டிப் பாருங்க.

அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க. மறுபடியும் சிரிச்சார்னா, எந்த இடத்துல சிரிச்சார்ங்கறதையும் சேர்த்து எழுதுங்க.